நூம்பலுக்குப் போன சிலுவை

எனக்குச் சென்னைதான் வெளிநாடு. மஸ்கட்டில் பதினொரு வருடமாக ஏ.சி. மெக்கானிக். அங்கே எந்தச் சந்தில் திரும்பினால் நல்ல பரோட்டா கிடைக்கும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில். லீவுக்கு வந்தால் விமானம், ரயில், ஊர், மீன் குழம்பு, தூக்கம், அவ்வளவுதான். சென்னை என்பது இடையில் ஜன்னல் வழியாகத் தெரிகிற ஒரு வெளிச்சம். இந்தத் தடவை அந்த வெளிச்சத்துக்குள் இறங்கி நான்கு நாள் அலைய வேண்டி வந்தது. எல்லாம் சவரிமுத்துவால்.

சவரி என் அறைக்காரர், தச்சர். ஐம்பது வயது, கல்யாணம் ஆகாதவர். மேல் கட்டில் எனக்கு, கீழ்க் கட்டில் அவருக்கு. ஒன்பது வருடமாக ஊர்ப்பக்கமே போகாதவர். கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்பார். ஒரே கம்பெனியில் எனக்குக் கிடைக்கிற லீவு அவருக்கு மட்டும் எப்படிக் கிடைக்காது என்று நானும் கேட்டதில்லை.

போன வருடம் எங்கிருந்தோ உடைத்த பழைய மரக்கலத்தின் தேக்குக் கட்டைகள் இரண்டைக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் உட்கார்ந்து இழைப்பார். கதவு நிலை என்று நினைத்தேன். சிலுவை. ஏழடிக் கட்டை ஒன்று, நாலரை அடிக் குறுக்குக் கட்டை ஒன்று, இரண்டையும் பூட்ட ஒரு மர ஆணி. “கெட்டி மரம், தட்டிப் பாரு” என்றார். தட்டினேன். “இன்னொரு தபா தட்டிப் பாரு” என்றார். நான் லீவுக்குக் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது, அதைக் கார்கோவில் போடுகிற நாள் மத்தியானம்தான் கதையைச் சொன்னார்.

ஒன்பது வருடத்துக்கு முன் சவரி நூம்பலில் குடியிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் மரப்பெட்டி செய்யும் பட்டறையில் வேலை. பெரிய வெள்ளியன்று அந்தத் தெருக்களில் சிலுவைப் பாதை நடக்கும். இயேசு வேடம் போட்டவர் சிலுவையைச் சுமந்து போக, பதினான்கு இடங்களில் நின்று ஜெபிப்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஸ்தலம் என்று பெயர். வேடம் எப்போதும் கபிரியேலுக்கு. சவரியின் உயிர்ச் சிநேகிதர். அந்த வருடம் அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் நான்தான் தூக்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். புதுச் சிலுவை செய்கிற வேலை சவரியிடம் வந்தது. சவரி யாரிடமும் சொல்லாமல் பெட்டி அடிக்கிற பிளைவுட்டில், உள்ளே காலியாக ஒரு சிலுவை செய்து மேலே மரச்சாயம் பூசிவிட்டார். தூக்கும்போதுதான் கபிரியேலுக்கே தெரியும்.

இயேசு இரண்டாம் முறை விழுகிற இடத்தில் சிலுவை கல்லில் மோதிப் பிளந்தது. உள்ளே பெட்டிப் பலகையில் அச்சடித்த ஒரு கண்ணாடி டம்ளர் படமும், இந்தப் பக்கம் மேலே என்று ஓர் அம்புக்குறியும். அழுதுகொண்டிருந்த ஜனம் சிரித்துவிட்டது. அப்போதிருந்த ஃபாதர் கோபத்தில், “யார் வேலை இது?” என்று கேட்டார். சவரி பயந்துபோனார். “தூக்கறவருதான் லேசா வேணும்னு கேட்டாரு ஃபாதர்” என்று சொல்லிவிட்டார். கபிரியேல் முள்முடியோடு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதே மாதம் சவரி விசா வாங்கிக்கொண்டு மஸ்கட் வந்துவிட்டார்.

“இந்நேரம் எல்லார்க்கும் உண்ம தெரிஞ்சிருக்கும். எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது? இத்த பெரிய வெள்ளிக்கு முன்ன கபிரி கையில குடுத்துடு, அந்தோணி. வேற ஒண்ணியும் பேசாத” என்றார் சவரி. சரி என்றேன். முப்பது கிலோ மரத்துக்குச் சரி சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை கொரட்டூர். என் மச்சினன் ரீகன் வீடு. சிலுவை கார்கோவில் எனக்கு முன்பே வந்து, சாக்குச் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. “என்ன அத்தான், கட்டிலா?” என்றான். “ஆமா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சிலுவை என்றால் கதை கேட்பான், கதையில் சவரியின் மானம் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். நாற்பது வயது ஆள், கழுத்தில் ஜெபமாலை போட்டவன், சிலுவை என்று சொல்ல வெட்கப்பட்டேன்.

சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனேன். வெயில் இறங்கி, தண்ணீரும் வானமும் ஒரே பழுப்பு நிறத்தில் கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் ரயில் ஒன்று சத்தமே இல்லாமல் போவதுபோலப் போனது. கரையில் உட்கார்ந்தபடியே கண் சொக்கியது. இயேசுவின் சீடர்களில் மீன்பிடிக்கிறவர்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு அவர் பின்னால் போனார்கள் என்று ஊரில் மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் வந்து சொன்னேன். கடல் தொழிலாளியான என் அப்பா சிரித்தார். “போட்டுட்டுப் போனானுவளா? அப்ப புது வலையா இருந்திருக்காது” என்றார். சீடன் என்ற வார்த்தையை எப்போது கேட்டாலும் எனக்கு அந்தப் புது வலைதான் ஞாபகம் வருகிறது. எதையெல்லாம் விட்டுவிட முடியும், எதை முடியாது? சவரி ஊரை விட்டார், சிநேகிதரை விட்டார், பயத்தை மட்டும் விடவில்லை. இப்படி ஏதேதோ யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன். கொசு எழுப்பியது. ரீகன் வீட்டில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். தவக்காலம் என்பதால் கறி இல்லை என்று அவன் மனைவி மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள்.

புதன்கிழமை புறப்பாடு. ரீகனின் சிநேகிதர் ஒருவர் ஆவடியிலிருந்து தினமும் பூந்தமல்லிக்குக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். ஆவடி வரை மரத்தை ரயிலில் கொண்டுவந்தால் போதும், நூம்பலிலேயே இறக்கிவிடுவதாகச் சொன்னார். கொரட்டூரில் வியாபாரிகள் பெட்டியில் ரீகன் ஏற்றிவிட்டான். கூடைகள், மூட்டைகள், வாழைத்தார்கள், நடுவே மல்லிகை வாசனை. உட்கார இடமில்லை. நீளக் கட்டையைக் கிடத்தி அதன்மேலேயே உட்கார்ந்தேன்.

பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மா. நெற்றியில் பெரிய குங்குமம். “இன்னாண்ணா இது, இம்மாம் நீட்டு?” என்று கேட்டார்.

“கட்டில் சட்டம்க்கா.”

“இம்மாம் நீட்டு கட்டில்ல எவன் படுப்பான், ஆனையா?”

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். பட்டரவாக்கம், அம்பத்தூர், அப்புறம் ஸ்டேஷன் பெயர்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல ஆயின. கனவில் யாரோ எனக்கு முன்னால் மணலில் நடந்து போகிறார். குதிகால் மட்டும் தெரிகிறது. முகம் திருப்புவார் என்று நானும் பின்னாலேயே போகிறேன். திருப்பவில்லை. “ஆவடி! ஆவடி!” என்று யாரோ கத்த, பதறி எழுந்து, கட்டையை இழுத்துக்கொண்டு இறங்கினேன். ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் கையில் ஒரு கட்டைதான். குறுக்குக் கட்டை வண்டியோடு போய்விட்டது.

எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு வருட வெள்ளிக்கிழமைகள். இனி அதே அளவுத் தேக்குக்கு நான் எங்கே போவேன்? சவரியிடம் என்ன சொல்வேன்? கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்தில் ஒரு டீயோடு உட்கார்ந்தேன். எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாப்பாட்டுப் பையோடு ஃபேக்டரி ஆட்கள், சீருடையில் ஒரு கூட்டம். எல்லோரும் எங்கோ சரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? கட்டில் சட்டம் தொலைந்தது என்றா, சிலுவையில் பாதி தொலைந்தது என்றா?

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். படிக்கட்டில் பூக்காரம்மா இறங்கி வந்தார். தலையில் சும்மாடு, அதன்மேல் குறுக்குக் கட்டை, இடுப்பில் பூக்கூடை. நான் ஓடினேன்.

“பட்டாபிராம்ல எறங்கி, எதிர் வண்டி புடிச்சு வர்றேன். பூவெல்லாம் வாடிப் போச்சு. இன்னா மனுசன்யா நீ!” என்று இறக்கி வைத்தார். அப்புறம் சாக்கு விலகியிருந்த இடத்தில், கட்டையின் நடுவில் இருந்த வெட்டைத் தடவிக் காட்டினார். “இது கட்டிலா? நடுவுல வெட்டு கீது, ஆணிக்கு ஓட்ட கீது. சிலுவதான? இன்னாத்துக்கு பொய் சொன்னே?”

என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “தப்புதான்க்கா” என்றேன்.

“நான் கும்புடறது வேற சாமி. அதுக்காவ ஒர்த்தர் சாமான ரயில்ல உட்டுட முடியுமா?” டீ மட்டும் வாங்கிக் குடித்தார். போகும்போது அரை முழம் பூவைக் கிள்ளி அந்தக் கட்டைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன்.

குட்டியானையின் பின்னால் மரத்தோடு மரமாக நானும் மல்லாந்து படுத்துக்கொண்டேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையை நான் பார்த்தது இப்படித்தான், ஆகாயம் வழியாக. ராணுவக் குவார்ட்டர்ஸ் மரங்களின் கிளைகள், கேம்ப் சுவரின் முள்கம்பி, மேம்பால விளக்குகள், ஒரு கட்சிக்காரர் முகத்தோடு நீர்மோர்ப் பந்தல். பருத்திப்பட்டு ஏரியை வாசனையில் கண்டுபிடித்தேன். சிக்னலில் நின்றபோது ஒருவர் நுங்கு நீட்டினார். படுத்துக்கொண்டே நுங்கு தின்கிற சுகம் மஸ்கட்டில் எந்தச் சம்பளத்துக்கும் கிடைக்காது. பைபிளில் சிலுவை தூக்க உதவிய சீமோன் என்று ஒருவர் வருவார். சீடர் இல்லை, வயலிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆள். பிடித்து இழுத்துத் தோளில் வைத்துவிட்டார்கள். கூடவே இருப்போம் என்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்நேரம் ஓடிப்போயிருந்தார்கள். பூக்காரம்மா கண்ணை விட்டுப் போகவில்லை.

பூந்தமல்லியில் டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். “இன்னா மரம்ணே?”

இந்தத் தடவை, “சிலுவை” என்றேன்.

“அப்ப கால எடு மேலர்ந்து” என்றார்.

நூம்பலில் பாதி கிராமம், பாதி புது அபார்ட்மென்ட். ஒரு பக்கம் எருமை மாடு, அதன் பின்னால் ஏழு மாடி. டீக்கடையில் விசாரித்தேன். கபிரியேல் என்று யாருக்கும் தெரியவில்லை. “பெரிய வெள்ளிக்கு இயேசு வேசம் போடுவாரே” என்றேன். கடைக்காரர் முகம் மலர்ந்தது. “தக்கையா! அத்த சொல்லேன். தண்ணி கேன் போடுவாரே. தக்க தண்ணின்னு கேளு, கொயந்த கூட சொல்லும்.”

தக்கை என்றால் கனமில்லாதது, அந்தக் காலிச் சிலுவையால் வந்த பட்டப்பெயர். உண்மை எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்றுதானே சவரி சொன்னார்? தெரிந்திருந்தால் இந்தப் பெயர் ஏன் இவருக்கு?

சின்ன ஓட்டு வீடு. வாசலில் காலிக் கேன்கள். கபிரியேலின் மனைவி ஸ்டெல்லா கதவைத் திறந்தார். மஸ்கட், சவரி என்றதும் அவர் முகம் இறுகிவிட்டது. டிரைவரும் நானுமாக மரத்தை இறக்கி, சுவரோரம் வைத்து, குறுக்குக் கட்டையைப் பொருத்தி மர ஆணியை அடித்தோம். மயிரிழை பிசகவில்லை. கபிரியேல் மொபெட்டில் வந்து இறங்கினார். மெலிந்த ஆள், தோள் மட்டும் காய்த்துப்போன தோள். யார் என்று என்னைக் கேட்கவில்லை. நேரே சிலுவையிடம் போனார். விரல் முட்டியால் தட்டினார். உள்ளங்கையால் நீளவாக்கில் தடவினார்.

“அவன் எழைப்புதான் இது” என்றார். “ஆளு எங்க?”

“லீவு கிடைக்கலண்ணே. பெரிய வெள்ளிக்கு உங்க கையில குடுக்கச் சொன்னார்.”

“நான் மரத்தயா கேட்டேன்? எனக்கு மரம் வாணாம், தம்பி. ஆள வரச் சொல்லு.”

உள்ளே போய்விட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடல் தாண்டி, ரயிலில் தொலைத்து, குட்டியானையில் படுத்துக் கொண்டுவந்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லையா என்று. ஸ்டெல்லா சொம்போடு வந்தார். “அவரு அப்டித்தான். நீங்க இங்கயே தங்குங்க. மரத்த ஊட்டுக்குள்ள மட்டும் கொண்டாராதீங்க” என்றார். மாங்காய்க் குழம்பும் சோறும் போட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கோபத்தில் எனக்குப் பசி அதிகம்.

வியாழக்கிழமை காலை கபிரியேலோடு கேன் போடப் போனேன். சும்மா இருக்கப் பிடிக்காமல்தான். ஒரு கேன் இருபது லிட்டர். லிஃப்டில் கேன் ஏற்றக்கூடாது என்று ஒரு பில்டிங்கில் போர்டு. மூன்று மாடிக்கு அவர் தோளில் ஒன்று, என் தோளில் ஒன்று. ஒரு வீட்டில் சின்னப் பெண் கதவைத் திறந்து, “அம்மா, தக்கை தண்ணி வந்துடுச்சு!” என்றாள். கபிரியேல் சிரித்துக்கொண்டே உள்ளே வைத்துவிட்டு வந்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது கேட்டேன். “அண்ணே, சவரி எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டார். நீங்க கேக்கல, அவராத்தான் லேசா செஞ்சார். அத ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லல?”

கபிரியேல் படியில் உட்கார்ந்துவிட்டார். மத்தியான வெளிச்சம் கம்பிக்கதவு வழியாகக் கோடு கோடாக அவர்மேல் விழுந்தது.

“அன்னிக்கி வேசத்துல நிக்கறேன் தம்பி. தலையில முள்ளு. சுத்தி ஜனம். அப்ப வாயத் தொறந்து, ‘நான் இல்ல, இவன்தான்’னு கைய நீட்டுனா நல்லாவா இருக்கும்? சரி, ஊட்டுக்குப் போயி வேசத்த கயட்டிட்டு சொல்லலாம்னு வந்தேன். கயட்டிட்டேன். அப்பவும் வாயி வரல.” காலிக் கேனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “எனக்கு வயித்துல தையலு பிரியக் கூடாதுன்னு செஞ்சவன். பாசத்துல செஞ்சவன எப்டிபா காட்டிக் குடுக்கறது?”

“அவர் உங்களக் காட்டிக் குடுத்துட்டாரே?”

“ஆமா. அதான் வரச் சொல்றேன். திட்டறதுக்கு இல்ல. அவன் சொன்னது மேல எனக்கு இன்னும் கோவம் கீது. ஆனா அத்த அவன் மூஞ்சப் பாத்துதான் கோவப்படணும். மரத்தாண்டயா கோவப்படறது?”

சீடனாக இருப்பது என்றால் என்ன என்று இதுவரை எனக்கு நான்கைந்து தியானக் கூட்டங்களில் விளக்கியிருக்கிறார்கள். மைக் வைத்து, பாட்டுப் பாடி, கை தூக்கச் சொல்லி. ஒன்றுமே மனதில் தங்கவில்லை. அந்த மூன்றாவது மாடிப் படிக்கட்டில், தோள் வலியோடு, கொஞ்சம் புரிந்ததுபோல இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கேனைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லாவின் கணக்கு வேறு. சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார். “இவருக்கு பெரிய மனசு. எனக்கு கெடையாது. எம் பொண்ணு கல்யாணப் பத்திரிக எடுத்துகினு போனா, தக்க ஊட்டு கல்யாணமான்னு கேட்டாங்க. பெரிய வெள்ளியானா அஞ்சாவது ஸ்தலம் எங்க ஊட்டு செவுத்தாண்டதான். வருசா வருசம் கதவ சாத்திகினு உள்ள ஒக்காந்துகினு கீறாரு. இப்ப கோயில்ல பைப்புல ஒரு சிலுவ பண்ணி வெச்சிகீறாங்க. அதுவும் உள்ள காலிதான! ஆனா இரும்பு, யாரும் சிரிக்க மாட்டாங்க.”

சாயங்காலம் மஸ்கட்டுக்கு போன் போட்டேன். சவரி எடுத்ததும், “குடுத்தியா? இன்னா சொன்னான்?” என்றார்.

“மரம் வேணாம், ஆளை வரச் சொல்லுன்னார்.”

“லீவு இல்லன்னு…”

“பொய் சொல்லாதீங்க சவரியண்ணே. இன்னொண்ணும் கேளுங்க. இங்க யாருக்கும் உண்மை தெரியாது. ஒன்பது வருசமா அவர் ஒருத்தர்கிட்டயும் உங்களைப் பத்திச் சொல்லல. இப்பவும் அவர்தான் தக்கை. சின்னப் புள்ளைங்ககூட அப்படித்தான் கூப்பிடுது.”

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிறது மட்டும் கேட்டது. எங்கள் அறை ஃபேன், எனக்குத் தெரியும், மூன்று சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிடும். பத்து கிறீச் வரை காத்திருந்தேன். அவர் வைத்துவிட்டார்.

பெரிய வெள்ளி. காலை ஏழு மணிக்கே வெயில் வெளுப்பாக விழுந்தது. தெருவில் வண்டி இல்லை, பாட்டு இல்லை. தூரத்தில் ஒப்பாரி ராகத்தில் ஜெபம் வருவதும் போவதுமாக இருந்தது. சிலுவை முந்தாநாள் வைத்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றது. கபிரியேல் உள்ளே. கதவு சாத்தியாயிற்று. நான் வாசலில் நின்றேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

கூட்டம் அந்தத் தெருவுக்குள் திரும்பியது. முன்னால் இளம் ஃபாதர், கையில் மைக். அவருக்கு அடுத்து இரும்புப் பைப் சிலுவை. பின்னால் இருநூறு பேராவது இருப்பார்கள். அஞ்சாவது ஸ்தலம், சீமோன் சிலுவை சுமக்கிற இடம். ஃபாதர் ஜெபத்தைத் தொடங்கப் போனவர், தேக்குச் சிலுவையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இது யார் செஞ்சது?”

பின்னால் இருந்து ஒரு குரல். “தக்க ஊட்டு சிலுவ ஃபாதர். காத்தடிச்சா பறந்துடும்.” நாலைந்து பேர் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். கதவுக்கு உள்ளே அது கேட்டிருக்கும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் சவரிக்குக் கொடுத்த வாக்கு வாயைக் கட்டியது. அந்த நேரத்தில் சட்டைப்பையில் போன் அடித்தது.

“கூட்டம் வந்துச்சா?” சவரி.

“வந்துட்டு. வாசல்ல நிக்குது.”

“ஃபாதரு மைக்காண்ட புடி.”

ஃபாதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மஸ்கட்லேருந்து, இதச் செஞ்சவர் ஃபாதர்” என்றேன். ஸ்பீக்கரைப் போட்டு, போனை மைக்கிடம் பிடித்தேன். தெரு முழுக்க முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

“நான் சவரி பேசறேன். பெட்டிப் பட்டற சவரி. அன்னிக்கி ஒடஞ்ச காலி சிலுவ நான் செஞ்சது. கபிரி கேக்கல. அவன் கேட்டான்னு நான் சொன்னது பொய். பயத்துல சொன்னேன். அவன் இத்தினி வருசம் உங்க யாராண்டயும் சொல்லலன்னு நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. அவன தக்கன்னு கூப்புடாதீங்க. அது என் பேரு.” குரல் உடைந்தது. “இது கெட்டி மரம். தட்டிப் பாருங்க.”

யாரும் தட்டவில்லை. சிரித்தவர்கள் தலை குனிந்து நின்றார்கள். டீக்கடைக்காரரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

கதவு திறந்தது. கபிரியேல் கைலியும் பனியனுமாக வந்தார். அவர் பின்னால் ஸ்டெல்லா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. கபிரியேல் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

“எப்ப வர்றே?”

“வர்றேன் கபிரி.”

“எப்பன்னு கேட்டேன்.”

“நாளைக்கே லீவு எழுதிக் குடுக்கறேன். இந்த மாசமே வந்துடறேன்.”

“வா. உன்னாண்ட நெறய பேசணும்.” போனை என் சட்டைப்பையில் அவரே போட்டார். அணைக்கவில்லை. பிறகு குனிந்து, தேக்குச் சிலுவையைத் தோளுக்கு ஏற்றினார். தினமும் கேன் தூக்குகிற தோள்தான், ஆனாலும் முழங்கால் மடங்கியது. கூட்டம் ஆ என்றது. ஃபாதர் முன்னால் வந்தார். அதற்குள் நான் கட்டையின் அடிப்பக்கத்தைத் தூக்கிவிட்டேன். யாரும் என்னைச் சொல்லவில்லை. முந்தாநாள் பூக்காரம்மா வைத்த பூவின் நார் இன்னும் குறுக்குக் கட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆறாவது ஸ்தலத்தை நோக்கி நடந்தோம். எனக்கு முன்னால் கபிரியேலின் குதிகால் மட்டும் தெரிந்தது.

சட்டைப்பைக்குள் இருந்து மெதுவாகக் குரல் வந்தது. “கபிரி. வெயிட்டா கீதா?”

“கீதுடா பாவி. எம்மாம் வெயிட்டு!”

“எறக்கி வெச்சிக்கிறியா?”

கபிரியேல் தோளை மாற்றிக்கொண்டார். “வாணாம்” என்றார்.